இல்லாத பிளம்பரின் எண்

பெயிண்டரின் வீட்டுச் சுவர் பதினோரு வருஷமாகப் பெயிண்டையே பார்த்ததில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கூழ்ப்பானையில் விழுந்த கதைதான். அடுத்தவர் வீட்டு மேற்கூரையில் ஒரு தூசு ஒட்டியிருந்தாலும் ஏணியை மறுபடி போட்டு ஏறி உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மனுஷன், தன் வீட்டுக்கு வந்ததும் முதுகு சாய்க்க இடம் கிடைத்தால் போதும் என்று அந்தச் சுவரிலேயே சாய்ந்துகொள்வார். எழுந்தால் சட்டை முதுகில் பழைய சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்.

"நான் அடிக்கலைன்னா என்ன, செவுரு எனக்கு வெள்ளையடிச்சு விட்டுடுது பாரு" என்பார்.

அவர் மனைவி இதற்குச் சிரிப்பதை நிறுத்தி ஆறேழு வருஷம் இருக்கும். சுவரும் மாறவில்லை, ஜோக்கும் மாறவில்லை.

மூன்றாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. அறையில் மேசைக்கு மேலே இருந்த அந்தச் சுவர்தான் குடும்பத்தின் நோட்டுப் புத்தகம். கேஸ் புக் பண்ணும் எண், கரண்ட் இணைப்பு எண், டாக்டர் உட்காரும் கிழமைகள், கட்டிக்கொடுத்த மகளின் வீட்டு முகவரி, ஒருமுறை அவசரத்தில் எழுதி இன்றுவரை யாருடையது என்று தெரியாத ஒரு செருப்பு அளவு, எல்லாம் அதில் இருந்தன. காகிதம் தொலையும், போன் தண்ணீரில் விழும், சுவர் எங்கே போய்விடும் என்பது பெயிண்டரின் வாதம்.

சுவரும் போகக்கூடியதுதான் என்பதை அவர் கையாலேயே நிரூபிக்க வேண்டியிருந்தது.

மனைவிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அவள் பொறுப்பில் பதினோரு கட்டில்கள். புரட்டிப் படுக்கவைப்பது, தூக்கி உட்காரவைப்பது, குளிப்பாட்டுவது, மறுபடி தூக்கிக் கிடத்துவது. பதினாறு வருஷம் தூக்கியதில் இரண்டு முழங்காலும் போய்விட்டன. டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே உட்கார்ந்து செய்யற வேலையாப் பாருங்கம்மா" என்றார். உட்கார்ந்து செய்யற வேலை கடையிலா விற்கிறது?

ஆனால் இல்லத்தில் அப்படி ஒரு வேலை இருந்தது. வாசலை ஒட்டி மருந்தறை. அதில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. யாருக்கு எந்த வேளை எந்த மாத்திரை என்று பிரித்துச் சின்னச் சின்னக் கிண்ணங்களில் போட்டு அனுப்ப வேண்டும். அங்கே இருந்த அம்மா அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறாள். மருந்தக உதவியாளர் தேர்வில் தேறினால் அந்த நாற்காலி உனக்குத்தான் என்று மேலாளர் வாய்விட்டே சொல்லியிருந்தார். தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அதுவரை நாற்காலி காத்திருக்காது.

எட்டு மாதம் படித்தாள். ஷிப்ட் முடிந்து வந்து, காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, மருந்துப் பெயர்களை முணுமுணுத்துப் படித்தாள். பெயிண்டர் கேள்வி கேட்பார். கேள்வியைத் தப்பாக வாசிப்பார். அவள் திருத்துவாள்.

"இந்தப் பேரெல்லாம் மனுஷன் வச்ச பேரா? வாய்ல நுழையல."

"வாய்ல நுழையறது மாத்திரை. பேரு மண்டையில நுழைஞ்சாப் போதும், நீங்க வாசிங்க."

தேர்வு வீட்டிலிருந்தே, கணினியில். மடிக்கணினி அவள் தம்பி கொடுத்தது. தம்பி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். தெருவில் பாதிப்பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன். எந்நேரமும் "ஓடிபி வந்துச்சா? ஓடிபி சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருப்பதால் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. தேர்வுக்குக் கணக்கு தொடங்கிக் கொடுத்தவனும் ஓடிபிதான்.

அன்றைக்கு அவன் அக்காவை உட்காரவைத்துப் பாடமே நடத்தினான். "அக்கா, பாஸ்வேர்டு கஷ்டமா இருக்கணும். பொறந்த நாள் கூடாது. பேரு கூடாது. வண்டி நம்பர் கூடாது. அர்த்தமே இல்லாத நம்பரா இருக்கணும். போன்ல சேவ் பண்ணாத, போன் போச்சுன்னா எல்லாம் போச்சு. முக்கியமா, மாமாகிட்ட சொல்லாத."

"அவர்கிட்ட சொல்லுவேனா?"

இதற்குக் காரணம் இருந்தது. முன்பு வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் இருந்தது. அதன் பாஸ்வேர்டு painter123. ஒருநாள் மனைவி போனில் கேட்டபோது, பெயிண்டர் நான்கு மாடி உயரச் சாரத்தில் நின்றபடி, கீழே காங்கிரீட் கலக்கிற மிஷின் சத்தத்தையும் மீறி, எழுத்து எழுத்தாகக் கத்திச் சொன்னார். மறுவாரம் அந்த மின்னஞ்சலிலிருந்து மேஸ்திரி முதல் இன்ஜினியர் வரை எல்லோருக்கும் இடுப்புச் சதை குறைக்கும் மருந்து விளம்பரம் போனது. இன்ஜினியருக்கு இடுப்பு கொஞ்சம் பெரிசு. அந்தக் கட்டடத்தில் அப்புறம் பெயிண்டருக்கு வேலை இல்லை.

ஆகவே அவள் புது பாஸ்வேர்டைக் கணவனிடம் சொல்லவில்லை. அர்த்தமில்லாத எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்படிப்பட்ட எண் மண்டையில் நிற்குமா, நிற்காதே. அதனால் எழுதினாள். எல்லோரும் பார்க்கிற இடத்தில், யாருக்கும் தெரியாதபடி. இல்லத்தில் முதியவர்களின் துணிகளில் பெயர் எழுதும் மார்க்கரை எடுத்து, சுவரில் மற்ற எண்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் Plumber என்று எழுதி, ஒரு கோடு போட்டு, பத்து இலக்கம் எழுதினாள். அந்த வரி முழுவதும்தான் பாஸ்வேர்டு. திருடனே வந்தாலும் குழாய் ரிப்பேருக்கு ஆள் எண் என்று நினைத்துப் போய்விடுவான். பயிற்சித் தேர்வு எழுதும்போதெல்லாம் நிமிர்ந்து சுவரைப் பார்த்து அடித்துக்கொள்வாள்.

தேர்வுக்கு முதல் நாள் மத்தியானம் ஓடிபி போனில் விதிமுறைகளை வாசித்துக் காட்டினான். கேட்டவர் பெயிண்டர். மனைவி ஷிப்டில் இருந்தாள்.

"கேமரா வழியா ஒருத்தர் பாத்துக்கிட்டே இருப்பாங்க மாமா. ரூமைச் சுத்திக் காட்டணும். மேசை காலியா இருக்கணும். உள்ள வேற ஆள் இருக்கக் கூடாது. சத்தம் கூடாது. செவுத்துல எழுத்து எதுவும் இருக்கக் கூடாது."

"எழுத்தே இருக்கக் கூடாதா?"

"ஒரு எழுத்து இருந்தாலும் சந்தேகப்படுவாங்க. ஒரு துணியைப் போட்டு மறைச்சுடுங்க."

துணியா? பெயிண்டரின் தன்மானம் எங்கேயோ குத்துப்பட்டது. முப்பது வருஷ அனுபவம் உள்ள ஒரு தொழில்காரன் வீட்டுச் சுவரைத் துணி போட்டு மறைப்பதா? யாரோ ஓர் அதிகாரி பார்க்கப்போகிறார். பதினோரு வருஷக் கடனை ஒரே சாயங்காலத்தில் அடைத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. மனைவி வந்து கதவைத் திறக்கும்போது அவள் முகம் எப்படி மாறும் என்பதையும் நினைத்துப் பார்த்துக்கொண்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. அன்பு அதிகமாகும்போது அவருக்கு யோசனை குறைந்துவிடும், அவ்வளவுதான்.

வேலை செய்த இடத்தில் மீதமிருந்த வெள்ளை எமல்ஷனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். முதலில் சுவரில் இருந்த எண்களை ஓர் அட்டையில் பிரதி எடுத்தார். கேஸ், கரண்ட், டாக்டர், மகள் முகவரி. செருப்பு அளவைக்கூட எழுதிக்கொண்டார். ஒவ்வொன்றாக வந்தவர் அந்தப் பிளம்பரிடம் வந்து நின்றார்.

யார் இவன்?

இந்த ஊரில் அவருக்குத் தெரியாத பிளம்பரா? இருமலை வைத்தே ஆள் சொல்லுவார். இந்த எண் எவனுடையதும் இல்லை. சமையல்கட்டுக் குழாய் நாலு மாதமாக ஒழுகுவது நினைவுக்கு வந்தது. "நம்ம ஆளைக் கூட்டிட்டு வர்றேன்" என்று அவர் நாலு மாதமாகச் சொல்லிவருவதும் நினைவுக்கு வந்தது. ஓகோ, நம்மை நம்பாமல் வேறு எவனிடமோ எண் வாங்கி வைத்திருக்கிறாளா?

அதை மட்டும் அட்டையில் எழுதவில்லை. முதல் இழுப்பே அதன் மேல்தான் விழுந்தது.

மார்க்கர் மை லேசுப்பட்டதா? முதல் பூச்சுக்கு மேலேயே ஊறிக்கொண்டு வந்து பிளம்பர் எட்டிப் பார்த்தான். "போடா" என்று சொல்லிவிட்டு, கறை அடைக்கும் பிரைமரை அந்த இடத்தில் கெட்டியாகப் பூசி, காற்றாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் காயவைத்து, மேலே இரண்டு கோட். அரைகுறைப் பெயிண்டராக இருந்திருந்தால் மறுநாள் காலை எழுத்து வெளியே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் செய்யாமல் விட்டார். பழைய சுண்ணாம்பை அடிவரை சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுப் பெயிண்ட் பூச வேண்டும். அது ஒருநாள் வேலை. ஊரான் வீட்டில் விடமாட்டார். சொந்த வீடுதானே என்று விட்டார்.

மனைவி வந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமலே சுவரைப் பார்த்தாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்றாள். கண் கொஞ்சம் கலங்கியதுபோல இருந்தது. பதினோரு கட்டில் தூக்கிவிட்டு வந்தவள், பெயிண்ட் வாசனைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு அப்படியே படுத்துவிட்டாள். எழுத்து எங்கே என்று அந்த அசதியில் அவளுக்குத் தோன்றவில்லை.

தோன்றியது காலை ஒன்பதரைக்கு. தலை வாரி, முகம் கழுவி, அடையாள அட்டையை எடுத்து வைத்து, மடிக்கணினியைத் திறந்து, பெயரை அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. பழக்கத்தில் நிமிர்ந்தாள்.

பளிச்சென்று வெள்ளை.

"என்னங்க." குரல் மிகவும் சின்னதாக வந்தது. "செவுத்துல இருந்த நம்பரெல்லாம்?"

"எல்லாம் பத்திரமா இருக்கு. நான் என்ன முட்டாளா? இந்தா அட்டை."

அவள் அட்டையை மேலிருந்து கீழ் பார்த்தாள். திருப்பிப் பின்னாலும் பார்த்தாள்.

"பிளம்பர் நம்பர் எங்க?"

"அதுவா? அந்த மாதிரி ஒரு பிளம்பரே இல்லம்மா. எனக்குத் தெரியாதா? நானே ஆளைக் கூட்டிட்டு வர்றேன்னு சொன்னேன்ல, நீ எதுக்கு..."

"பிளம்பர் இல்லைங்க. அது பாஸ்வேர்டு."

பெயிண்டர் அட்டையை வாங்கித் தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

ஓடிபிக்குப் போன் போட்டார்கள். "மாத்திடலாமாடா தம்பி?" என்றாள்.

"அக்கா, நேத்து சாயங்காலத்தோட பாஸ்வேர்டு மாத்தறதை மூடிட்டாங்க. பரிட்சை நாளன்னைக்கு மாத்த விடமாட்டாங்க, ஆள் மாறாட்டம்னு. அஞ்சு தடவை தப்பா அடிச்சா கணக்கே பூட்டிக்கும். பத்தே காலுக்குள்ள உள்ள போயாகணும். பத்து மணிக்கே கடிகாரம் ஓட ஆரம்பிச்சுடும். எங்க எழுதி வச்ச?"

"செவுத்துல."

"செவுரு எங்க போகும், பாத்து அடி!"

அவள் போனை வைத்தாள். நினைவிலிருந்து ஒருமுறை அடித்தாள். முதல் நாலு இலக்கம் நிச்சயம், மற்றவை வந்த வரிசையில். தவறு என்றது. வரிசையை மாற்றி அடித்தாள். தவறு. மூன்றாவது முறையும் தவறு. கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லிருக்கலாம்லம்மா எங்கிட்ட" என்றார் பெயிண்டர்.

"சொல்லிருந்தா?"

அதற்குப் பதில் இரண்டு பேருக்கும் தெரியும்.

பெயிண்டர் சுரண்டியை எடுத்து வந்தார். அந்த வரி எங்கே இருந்தது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அவள் கண் உயரத்தில், ஜன்னல் சட்டத்திலிருந்து இரண்டு சாண் தள்ளி. நேற்று அதன் மேல்தானே கோபத்தைப் பூசினார். எமல்ஷனைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம், ஆனால் அடியில் இருக்கும் பிரைமரைக் கரைக்க ஸ்பிரிட் வேண்டும், ஸ்பிரிட் பட்டால் மையும் கரையும். சுரண்டியின் முனையை விளிம்பில் வைத்து மெல்ல நெம்பினார்.

கொதித்த பாலின் ஏடு மாதிரி பெயிண்ட் எழும்பியது.

சுரண்டாமல் விட்ட பழைய சுண்ணாம்பு, புதுப் பெயிண்டைப் பிடித்துவைக்கத் தெம்பில்லாமல் தானும் அதோடு சேர்ந்து வந்துகொண்டிருந்தது. சுவரில் எழுத்து இல்லை. அது ஏட்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, தலைகீழாய், இடம் வலமாய். பெயிண்டர் சுரண்டியை இன்னும் ஒரு விரற்கடை உள்ளே செலுத்தினார். முப்பது வருஷத்தில் பெயிண்ட் ஒட்ட வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறார். உரிந்து வா, கிழியாமல் வா என்று கெஞ்சியது அன்றைக்குத்தான்.

"ஊதாதீங்க. மூச்சை அடக்குங்க" என்றாள் மனைவி. படுக்கைப்புண் கட்டுப் பிரிப்பவள் குரல் அது. ஏட்டின் கீழ்ப் பக்கத்தை இரண்டு உள்ளங்கையிலும் தாங்கிக்கொண்டாள். ஒரு முழ நீளத்துக்கு வந்தது. மேசையில் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணியால் சுண்ணாம்பை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பெயிண்டர் சவரக் கண்ணாடியைக் கொண்டுவந்து பிடித்தார்.

எட்டாவது இலக்கத்தில் பாதி உதிர்ந்திருந்தது.

"ஒண்ணா, ஏழா?" என்றார்.

"மருந்துச் சீட்டுல ஏழுக்கு நான் குறுக்கே கோடு போடுவேன். இதுல கோடு இல்ல."

ஒன்று போட்டு அடித்தாள். தவறு. இன்னும் ஒருமுறைதான் என்றது திரை. அவள் மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். கோடு இருக்க வேண்டிய இடம்தான் உதிர்ந்துபோன இடம். ஏழு போட்டாள். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுச் சரிபார்த்துவிட்டு அழுத்தினாள்.

கணக்கு திறந்தது. மணி பத்து ஆறு.

"வணக்கம் மேடம்" என்றது கணினி. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் குரல், ராத்திரியும் பகலுமாய் இதே வேலை பார்க்கிற களைப்போடு. பெயிண்டர் கண்ணாடி, ஏடு, சுரண்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடிக் கதவைச் சாத்தினார்.

"அறையைச் சுத்திக் காட்டுங்க. மெதுவா. மேடம், அந்தச் சுவர்ல என்ன?"

"பெயிண்ட் உரிஞ்சிருக்குங்க."

"ஏதோ எழுத்து மாதிரி தெரியுது. கிட்டக் கொண்டுபோங்க. இன்னும் கிட்ட." வெள்ளைச் சுவரின் நடுவில் ஒரு முழம் காயம். அதன் ஓரத்தில், ஏட்டோடு வராமல் சுவரிலேயே தங்கிவிட்ட டாக்டர் கிழமைகளில் பாதி, செருப்பு அளவு. "இது என்ன எண் மேடம்?"

"செருப்பு சைஸுங்க."

"யாரோட செருப்பு?"

"தெரியலைங்க."

"உங்ககூட வேற யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க! நான் வெளிய வந்துட்டேங்க!" என்று கதவுக்கு வெளியிலிருந்து பெயிண்டர் உதவினார்.

அந்த உதவிக்கு ஐந்து நிமிடம் ஆனது. கட்டிலுக்கு அடியில் காட்டு, கதவுக்குப் பின்னால் காட்டு, சமையல்கட்டைக் காட்டு. அப்புறம் சுவரைத் துணி போட்டு மறைக்கச் சொன்னார்கள். துணி போட்டாள். துணிக்குப் பின்னால் என்ன என்று கேட்டார்கள். எடுத்துக் காட்டினாள். மறுபடி போட்டாள். நேற்று ஓடிபி சொன்ன அதே துணி. அவள் ஒரு வார்த்தைகூடக் குரல் உயர்த்தவில்லை. கேள்விகள் திரைக்கு வந்தபோது பத்து இருபத்தொன்று. அறுபது கேள்வி, தொண்ணூறு நிமிடம். அதில் இருபத்தொன்று போய்விட்டது.

பெயிண்டர் மாடிப்படியில் உட்கார்ந்தார். கதவு வழியாக மௌஸ் சொடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு சொடுக்கு, ஒரு விடை. எண்ண ஆரம்பித்தார். முதல் இருபது மடமடவென்று வந்தன. அப்புறம் நின்று நின்று வந்தன. மேல் மாடிக்காரர் பையோடு ஏறி வந்தார்.

"என்னப்பா, வீட்டுல வெளிய தள்ளிட்டாங்களா?"

பெயிண்டர் உதட்டில் விரல் வைத்தார். எவ்வளவு அருமையான இடம் கொடுத்தார் அந்த மனுஷன், பதிலுக்கு ஒன்று சொல்லாமல் பெயிண்டர் விட்டதே கிடையாது. மேல் மாடிக்காரருக்கே ஏதோ போலாகி, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிப் போனார்.

ஐம்பத்தொன்று வரை எண்ணினார். அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. பதினொன்றரைக்குக் கதவு திறந்தது.

அவள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உடனே காட்டிடுச்சு" என்றாள். "முப்பத்தாறு வேணும். முப்பத்தஞ்சு."

அவர் எழுந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"ஒம்போது கேள்விக்கு நேரம் இல்ல" என்றாள். "ஒம்போதையும் வாசிச்சேன். ஒம்போதும் எனக்குத் தெரியும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டுக்குப் பதில் சொல்லிப் பழக்கம் உண்டு.

ஓடிபி போன் செய்தான், பிளம்பர் கதை முழுவதும் கேட்டுக்கொண்டான், ஒரு தடவைகூட "நான் சொன்னேன்ல மாமா" என்று சொல்லவில்லை. அதுவும் வலித்தது. மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவள் இரண்டு ரொட்டித் துண்டைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு லீவு போடும்மா."

"போட்டா? பதினோரு பேரும் திரும்பிப் படுக்காம கிடப்பாங்க."

"சரி, நானும் பஸ் வரைக்கும் வர்றேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் அவளை பஸ் ஏற்றிவிட்டதில்லை. அவர் ஆறரைக்கே ஏணியோடு கிளம்பிவிடுகிறவர். மூட்டுவலி என்று அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறார், தைலம் வாங்கி வந்திருக்கிறார், "எனக்கு ஏணி, உனக்கு முழங்கால்" என்று அதற்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்.

பஸ் வந்தது. மற்றவர்கள் ஏறும்வரை அவள் ஒதுங்கி நின்றாள். கடைசியாகப் போய், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பையைத் தோளில் ஏற்றிவிட்டு, குனிந்து, மறு கையால் தன் வலது காலை முழங்காலுக்குப் பின்னால் பிடித்துத் தூக்கிப் படியில் வைத்தாள். யாருடைய காலையோ தூக்கி வைப்பதைப் போல, அவசரமில்லாமல், பழகிய கையோடு. பிறகு இடது காலையும் அப்படியே எடுத்து வைத்தாள்.

பெயிண்டர் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினார். அதற்குள் அவள் ஏறியிருந்தாள்.

"தினமும் இப்படித்தான் ஏறுவியா?" என்றார்.

"வேற எப்படி ஏறுறது?" என்றாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் போனபிறகும் அவர் கையை இறக்கவில்லை. விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. பிறகு வீட்டுக்குப் போய், மூன்று மாடி ஏறி, துணியை எடுத்துவிட்டு, சுவரின் இடது மூலையிலிருந்து சுரண்ட ஆரம்பித்தார். அன்றைக்கு முழுக்கச் சுரண்டினார். செங்கல் பூச்சு தெரிகிறவரை, ஊரான் வீட்டுக்குச் செய்வதைப் போல.